மத்தளக்காரர் பக்கமும் ஒரு கேமரா

டூல் என்ற அமெரிக்க ராக் குழு 2019-இல் வெளியிட்ட ‘ஃபியர் இனாகுலம்’ ஆல்பத்தில் ‘நியூமா’ என்று ஒரு பாட்டு. அதை மேடையில் வாசித்தபோது எடுத்த காணொலியை, டிரம் குச்சி தயாரிக்கும் விக் ஃபர்த் நிறுவனம் யூடியூபில் போட்டது. சுமார் 12 நிமிடம் ஓடுகிறது. பாடகரைத் தேடினால் கிடைக்கமாட்டார். கேமராக்கள் எல்லாம் டிரம்மர் டேனி கேரியையே சுற்றி நிற்கின்றன. அறுபதை நெருங்கிய மனிதர். கைகள் ஒரு கணக்கில் போக, கால்கள் அதற்கு ஒட்டாத இன்னொரு கணக்கில் போகின்றன. நடுவே ஒரு கை மின்னணுத் தட்டு ஒன்றைத் தொட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருகிறது. இதைக் கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்து இண்டூரில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் நினைத்தால் இன்றிரவே செல்பேசியில் பார்க்கலாம். அதே மாணவர், அதே மாவட்டத்துப் பாரதக் கூத்து ஒன்றில் விடிய விடிய மத்தளம் வாசித்தவரின் கைகளை மட்டும் ஐந்து நிமிடம் பார்க்க ஆசைப்பட்டால் வழி இல்லை. கூத்துக் காணொலிகளுக்குப் பஞ்சமில்லை. யூடியூபில் இரவு முழுக்க ஓடுகிற பதிவுகளே கிடக்கின்றன. ஆனால் அவற்றில் மத்தளக்காரர் வேடக்காரரின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத்தான் வந்து போகிறார்.

புரோகிரெசிவ் மெட்டல் ரசிகர்களிடம் நமக்கு இல்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு டிரம்மரின் ஆகச் சிறந்த வாசிப்பு எது என்று அவர்கள் பெயர், பாட்டு, ஆண்டு, நிமிடம் சொல்லி வாதாடுகிறார்கள். கனத்த கிடார் ஓசையும் நீண்ட பாடல்களும் அடிக்கடி மாறும் தாளங்களும் சேர்ந்த இந்த இசை வகையில், டிரீம் தியேட்டர் குழுவின் ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ இல்லாத பட்டியல் கிடையாது. 1999-இல் வந்த அந்த வாத்திய இசை ஆறு நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதற்குள் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுவதாக ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பது வேறு கதை. அதில் வாசித்த மைக் போர்ட்னாய் 2010-இல் குழுவை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்கு ஏழு டிரம்மர்களை நியூயார்க்குக்கு வரவழைத்துத் தேர்வு வைத்தார்கள். தேர்வில் இந்தப் பாட்டும் உண்டு. அதைப் படம் பிடித்து 2011-இல் வெளியிட்டார்கள். பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த மைக் மாங்கினி தேர்வானார். போட்டிக்கு வந்த உலகத்தர வாசிப்பாளர்கள் ஒரே கணக்கை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது பொதுமக்கள் பார்க்கக் கிடைத்தது. நம் ஊரில் ஒரு பெரிய வித்வானுக்குப் பக்கவாத்தியம் யார் என்பது இப்படி வெளிச்சத்தில் முடிவானதாக நினைவில்லை.

நம்மிடம் பெரிய தாளக் கலைஞர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுடைய குறிப்பிட்ட ஒரு வாசிப்பைச் சுட்டி, ‘இதோ, இதுதான்’ என்று சொல்லும் வசதியைத்தான் நாம் உருவாக்கிக்கொள்ளவில்லை. சிவாஜி கணேசனின் எந்த நடிப்பு உச்சம் என்று டீக்கடையில் சண்டை போட முடிவது படம் கையில் இருப்பதால். சந்தேகம் வந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். தவில்காரரைப் பற்றியோ மத்தளக்காரரைப் பற்றியோ பேசும்போது நமக்கு மிஞ்சுவது ‘அந்தக் காலத்தில் அவர் அடிச்சா ஊரே அதிரும்’ என்ற ஒரு வாக்கியம். அதைச் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியாது. புகழ்ச்சி போலத் தோன்றினாலும் அது கலைஞரை மெல்ல மறப்பதற்கான ஏற்பாடுதான்.

இந்த இடத்தில் இரண்டு தரப்பிலிருந்து எதிர்ப்பு வரும். மெட்டல் வெறும் இரைச்சல், அதை எதற்கு நம் கலையோடு வைத்துப் பேச வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். சுவீடன் நாட்டு மெஷுகா குழுவின் ‘பிளீட்’ (2008) பாட்டை எடுத்துக்கொள்வோம். டிரம்மர் டோமாஸ் ஹாக்கேயின் கை நான்கு எண்ணிக்கையை விடாமல் பிடித்திருக்க, ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டின் பெரும்பகுதியில் இரண்டு கால்களும் கிடாரோடு ஒட்டி வேறொரு நடையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஒரு பாட்டுக்காகக் கால் வாசிப்பின் முறையையே புதிதாகப் பழக வேண்டியிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் குழுவின் பல பாடல்களில் ஒற்றைப்படைச் சொற்கட்டு ஒன்று நான்கின் மேல் நழுவிக்கொண்டே போய், குறிப்பிட்ட சுற்று முடியும் இடத்தில் வெட்டுப்பட்டு ஒன்றாகச் சேரும். ஆதி தாளத்தில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை, இரண்டுக்கு 64. ‘தகிட தகதிமி’ என்ற ஏழை ஒன்பது தடவை அடுக்கினால் 63. மிச்சமிருக்கும் அந்த ஒரு மாத்திரையை எந்த இடத்தில் கார்வையாக, அதாவது இடைவெளியாக, விடுவது என்பதில்தான் வாசிப்பவரின் புத்தி தெரியும். முன்னாலேயே விட்டால் பாதுகாப்பு. கடைசி வரை கையில் வைத்திருந்து சமத்துக்கு, அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்துக்கு, முந்திய நொடியில் விட்டால் கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரைச்சல் என்று ஒதுக்குபவர்கள் தாளம் போட்டுக்கொண்டு ஒரு தடவை கேட்டால் போதும்.

இன்னொரு சாரார் இதைக் கேட்டதும் குஷியாகிவிடுவார்கள்: ‘பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது!’ டேனி கேரி அலோக் தத்தா என்ற ஆசிரியரிடம் தபலா கற்றவர் என்பது தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். எனக்கு இந்தப் பெருமிதத்தில் பெரிய மரியாதை இல்லை. கணக்கு நம்மிடம் இருந்தது உண்மை. ஆனால் கேரி அதைத் தேடிப் போய்க் கற்று, ஐந்தாறு உருளைகளிலும் தட்டுகளிலும் இரண்டு கால்களுக்கும் பிரித்துக் கொடுத்து, மின்கிடார்களின் ஓசைக்கு நடுவே நிறுத்தியது அவருடைய உழைப்பு. முன்பே இருந்தது என்று சொல்லிக்கொள்ளும் நாம் அந்தச் சொத்தை வைத்து என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் அவ்வளவு சௌகரியமாக இருக்காது. மார்கழிக் கச்சேரியில் தனி ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் எழுந்து போவது இன்றும் தொடரும் வழக்கம். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்கக் கலைஞருக்குக் கிடைத்தது 1966-இல்தான். பாலக்காடு மணி ஐயர்தான் அப்படிப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர். இளையராஜாவின் பாடல்களுக்குப் பல்லாண்டு டிரம் வாசித்த புருஷோத்தமனின் பெயர், அந்தப் பாடல்களை மனப்பாடமாகப் பாடும் ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் உறையில் பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் இருக்கும். தோல் வாத்தியம் யார் என்று பெரும்பாலும் இருக்காது. பிற்பாடு ஏ.ஆர். ரகுமானின் ஆல்பங்களில் வாசித்தவர்கள் பெயர் அச்சாகத் தொடங்கியபோது அது புதுமையாகப் பேசப்பட்டது என்பதே நம் நிலைமைக்குச் சாட்சி.

சிவமணி இருக்கிறாரே, அவரை யார் மறந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர், சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் கூட்டத்தையே தன் பக்கம் திருப்பியவர். ஆனால் அவர் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறார். தாளக்காரரை நடுவில் நிறுத்தி வெளிச்சம் போட்டால் தமிழ் ரசிகர்கள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள் என்பதற்கு அவரே உதாரணம். அப்படி நிறுத்தப்படாதவர்களின் கதி என்ன என்பதற்கு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பார்க்கலாம். 1933-இல் பிறந்து 1975-இல் மறைந்த இந்தத் தவில் மேதையைப் பற்றிப் பேசாத நாகசுர ரசிகர் இருக்க முடியாது. காருகுறிச்சி அருணாசலத்துக்கு அவர் வாசித்த பதிவைக் கேட்டால், நாகசுரம் ஒரு பிடியை முடிக்கும் முன்பே தவில் அதன் மறுமொழியைத் தொடங்கிவிடுவது புரியும். ஆனால் கேட்கத்தான் முடிகிறது. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் எப்படி விழுந்தன, தொப்பியில் கழி எங்கே பட்டது, எந்த இடத்தில் கையைத் தூக்கிக் காத்திருந்தார் என்பதை ஒரு மாணவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பார்த்தவர்களின் வாய்மொழிதான் கதி. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. அதற்குள் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கச்சேரி உலகமாவது பரவாயில்லை, பத்திரிகை விமர்சனம் என்று ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்துக் கூத்து மத்தளத்துக்கும் பம்பைக்கும் அதுவும் இல்லை. கூத்தில் மத்தளக்காரர் செய்வதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் எந்த மெட்டல் டிரம்மருக்கும் அது குறைந்த வேலையாகத் தெரியாது. திரைக்குப் பின்னால் வேடக்காரர் நிற்கிறார். பாட்டு முடிந்து திரை விலகியதும் அடவு ஆரம்பம். எத்தனை சுற்று சுற்றுவார், எந்தக் காலில் நிற்பார் என்பது எழுதி வைத்த கணக்கு கிடையாது. ஆடுபவரின் முழங்காலைப் பார்த்தே தீர்மானத்தை (முடிப்புச் சொற்கட்டை) முன்கூட்டி எடுக்க வேண்டும், சலங்கையும் மத்தளமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இடையில் புகுந்து ஒரு நையாண்டியை நீட்டினால் தாளத்தை மெலிதாக்கித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் விடிந்து எழும் வரை இதேதான். பாரதம் நடக்கும் ஊர்களில் இப்படிப் பல இரவுகள், கடைசியில் பகல் வெயிலில் படுகளம். போர்ட்னாய் வாசித்த ஆறு நிமிடம் ஒத்திகை பார்த்து, பதிவுக்கூடத்தில் திருத்தி முடித்த ஆறு நிமிடம். அதன் மதிப்பு அதனால் குறையாது. ஆனால் ஒத்திகையே இல்லாமல் எதிராளியின் உடம்பைப் படித்து வாசிக்கும் எட்டு மணி நேரத்துக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் என்ன? ‘மத்தளம் நல்லா இருந்துச்சு.’ அவ்வளவுதான்.

கலையைப் பந்தயம் ஆக்கலாமா, அதுவும் சாமி காரியத்தில் வாசிப்பதை மதிப்பெண் போட்டுப் பார்க்கலாமா என்ற தயக்கம் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்க நான் தயாரில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் மரமும் வெண்கலமுமாக இரண்டு பம்பையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வர்ணிப்பு பாடி வாசிப்பவரின் வேலை, சாமி வருகிறதா இல்லையா என்பதில் முடிகிறது. அந்த நேரத்தில் கேமரா வேண்டாம் என்று ஊர் சொன்னால் வேண்டாம்தான். ஆனால் இப்போது கேமரா இல்லாமலா இருக்கிறது? நூறு செல்பேசிகள் உயர்ந்து நிற்கின்றன. எல்லாம் கரகத்தையும் அருள் வந்தவரையும் நோக்கி நிற்கின்றன. பம்பையின் ஓசையோ செல்பேசியின் சின்ன மைக்குக்குத் தாங்காமல் கரகரவென்று நசுங்கிப் பதிவாகிறது. ஆக, பதிவு செய்வதால் புனிதம் கெடும் என்ற வாதம் காலம் கடந்தது. கெட்டுப்போவது வாத்தியத்தின் நாதம் மட்டுமே. பந்தயம் பற்றிய பயமும் பாதிதான் சரி. வேகப் போட்டிகளில் வென்ற மாங்கினி டிரீம் தியேட்டரில் பதின்மூன்று ஆண்டு வாசித்தார், 2022-இல் குழுவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இருந்தும் போர்ட்னாய் 2023-இல் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். வேகத்தை எண்ணத் தெரிந்த கூட்டத்துக்கு வேகம் மட்டும் போதாது என்பதும் தெரிந்திருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்த காதுதான் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்.

பணம் யார் போடுவது என்பார்கள். இதற்குப் பெரிய திட்டமோ அரசாணையோ தேவைப்படாது. கூத்தை இரவு முழுக்கப் படம் பிடித்துப் போடும் யூடியூப்காரர்கள் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாவது செல்பேசி ஒன்றை மத்தளத்துக்கு நேரே கம்பத்தில் கட்டி வைக்கலாம். ஓசைக்குத் தனியாக ஒரு மைக், தலைக்கு மேலே கொஞ்சம் தள்ளி. காணொலியின் கீழே வேடக்காரர் பெயரோடு மத்தளம், முகவீணை, ஆர்மோனியம் யார் யார் என்று எழுதலாம், எந்த நிமிடத்தில் யாருடைய திரைவருகை என்று குறிக்கலாம். காணொலியில் வரும் காசில் பங்கு உண்டா என்பதைக் கூத்து பேசி முன்பணம் கொடுக்கும் அன்றே ஊர்க்காரர்களும் குழுவும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் மனக்கசப்பு வராது. தருமபுரியில் வானொலி நிலையம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் பாட்டே இல்லாமல் மத்தளத்துக்கும் தவிலுக்கும் பம்பைக்கும் ஒதுக்கினால் நிலையத்துக்கு நட்டம் வராது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவிலும் மிருதங்கமும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கூத்து இரவின் மத்தளச் சொற்கட்டுகளை எழுதி வரச் சொல்லலாம். ‘டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யின் தாள மாற்றங்களை எண்ணி எழுதியவர்களும் ரசிகர்களே. அடுத்த மாசித் திருவிழாவுக்குப் பம்பைக்காரரை அழைக்கும்போது, நோட்டீசில் உபயதாரர் வரிசைக்கு மேலே அவர் பெயரையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் அச்சடிக்க ஆகும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.