மஞ்சள் கடுதாசி கொடுத்தால் ஹராம் ஹலாலாகிவிடுமா?



ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளின் நிக்காஹுக்காக நகைக்கடை ஒன்றில் 11 மாதச் சீட்டுக் கட்டியவர். பத்தாவது மாதம் போனால் கடையில் பூட்டு! நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். “கம்பெனி லிக்விடேஷனுக்குப் போய்விட்டதாம் ஹஜ்ரத். இனி வழக்கு செல்லாதாம், ஸபர் செய்யச் சொல்கிறார்கள்” என்றார். சொன்னவர் யார் தெரியுமா? பூட்டிய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். நம்மவர்தான்! முதல் ஸஃப்பில் நிற்பவர்தான்!

ஏமாந்தவனுக்கு ஸபர் உபதேசம். ஏமாற்றியவனிடம் போய்ப் பேச மட்டும் இவர்களுக்கு நா எழாது!

வழக்கு செல்லாது என்பது உண்மையா? பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் ஏழையை விரட்டுகிறார்கள். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்படி திவால் மனு ஏற்கப்பட்டதும் தடைக்காலம் தொடங்கும். அப்போது கம்பெனி மீது புது வழக்கும் போட முடியாது, பழைய வழக்கையும் நடத்த முடியாது. ஆனால் கலைப்பு உத்தரவுக்குப் பிந்தைய நிலைக்கென்று அன்று எழுதிய 33வது பிரிவு, புது வழக்குத் தொடுப்பதைத்தான் தடுத்தது. நடக்கும் வழக்கைப் பற்றி அதில் பேச்சில்லை. வழக்கைக் கைவிடும் முன் உங்கள் வக்கீலிடம் இதைக் கேட்டீர்களா?

இன்னொன்று. தடைக்காலம் என்ற குடை கம்பெனிக்குத்தான், முதலாளிக்கு அல்ல. 2021லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பில் இயக்குநர் மீது பொறுப்புச் சுமத்தப்படவில்லை என்றால், பிறகு அவரைப் பிடிக்க முடியாது. ஆகவே முதல் மனுவிலேயே அவர் பெயரையும், அவர் செய்த மோசடியையும் எழுதுங்கள். கடை பெயரை மட்டும் எழுதி ஏமாந்தவர்கள் ஏராளம்.

2025 மார்ச்சில் என்ன நடந்தது? வீடு ஒப்படைக்காததற்காகத் தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த 27 அபராதங்களை நிறுத்தக் கோரி, கட்டட நிறுவன உரிமையாளர் ஒருவர் தன் திவால் மனுவைக் காட்டினார். அது தனி மனிதரின் திவால்தான். கம்பெனிக்கான விதி வேறு. ஆனாலும் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: நுகர்வோரைக் காக்கும் சட்டத்துக்குப் பணிய வைக்கும் அபராதம் சாதாரணக் கடன் பாக்கி அல்ல! 8 வாரத்தில் கட்டச் சொன்னது. இந்த நியாயம் கம்பெனிக்கு மட்டும் ஏன் கூடாது? சட்டம் இயற்றுவோர் பதில் சொல்லட்டும்.

லிக்விடேட்டர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார். குறித்த தேதிக்குள் ரசீதோடு கோரிக்கை கொடுங்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கலைப்புச் செலவு, தொழிலாளி, வங்கி என்று போய், சாதாரண வாடிக்கையாளன் ஆறாவது படியில் நிற்கிறான். ஆனால் பழுது பார்க்கக் கொடுத்த நகை உங்கள் சொத்து. 36வது பிரிவின்படி அது பங்குபோடும் சொத்தில் சேராது. திவாலானவனிடம் தன் பொருளை அப்படியே கண்டவருக்கே அதில் முதல் உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டார்கள்!

வியாபாரப் பெருமக்களே! உண்மையிலேயே நொடித்தவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வது அல்லாஹ்வின் கட்டளை (அல்குர்ஆன் 2:280). அவர் வீட்டு வாசலில் கூச்சல் போடுபவர்களை நான் ஆதரிக்கவில்லை. நான் கேட்பது வேறொருவரைப் பற்றி. மூழ்குவது தெரிந்தே சீட்டுப் பணம் வாங்கினாரே! மனைவி பெயரில் புதுக் கம்பெனி, போர்டில் ஓரெழுத்து மாற்றம், அதே கல்லா! “லிமிடெட் கம்பெனி, எனக்குப் பொறுப்பில்லை” என்கிறாரே! மோசடி வியாபாரத்தில் தெரிந்தே பங்குகொண்டவரைச் சொந்தப் பணத்தைக் கட்டவைக்க 66வது பிரிவு இருக்கிறது. சட்டம் விட்டாலும், கடன் பாக்கியோடு கிடந்த ஜனாஸாவுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும்வரை நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க மறுத்த ஹதீஸை மறந்துவிட்டாரா? அந்தக் கடன் இரண்டு மூன்று தீனார்தான்!

பெரியவர் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நம் கிளைச் சகோதரர்கள் இருவர் உடன் போகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரும் வரட்டும். அந்த முதலாளி இப்போது எந்த ஊரில் கடை திறந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.