கைக்குழந்தையும் பரீட்சையும்

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பி.எம்.பி. பரீட்சை எழுத முடியுமா?" என்று கேட்கிறார் சூரமங்கலம் சகோதரி ஒருவர்.

அதற்கு வருஷக்கணக்கில் வேலை அனுபவம் கேட்பார்கள், அம்மா. அதே சங்கம் நடத்தும் சி.ஏ.பி.எம்.முக்கு அது வேண்டாம். பிளஸ் டூவும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். 150 கேள்விகள், 3 மணி நேரம்.

பாடம் நமக்குப் புதிதா என்ன? கல்யாண வீட்டில் எந்த வேலை தாமதமானால் முகூர்த்தமே தள்ளிப்போகும் என்று கணக்குப் போடுகிறோமே, அதற்குப் பேர்தான் 'கிரிட்டிகல் பாத்'!

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம்தான். ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. குழந்தை தவழ்ந்து வந்தால்கூடப் பரீட்சையை நிறுத்திவிடலாம். கட்டின பணமும் போச்சு! பேசாமல் ஜங்ஷனில் ரயிலேறி, தேர்வு மையம் இருக்கிற ஊருக்கே போய்விடுங்கள். பால்குடி மறக்காத பிள்ளையானால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு.