நாலாவது இடமும் ஐந்தாவது இடமும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் மாணவர்களின் மல்யுத்தம் சாமானிய விஷயமல்ல. ஒஹையோ ராஜ்யத்தில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், தலைநகரான கொலம்பஸில் நடக்கும் ராஜ்யப் போட்டியைப் பார்க்க ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பையன்கள் வாங்கும் தனிப்பட்ட பட்டத்தோடு பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கோஷ்டிப் பட்டமும் உண்டு. இந்தக் கோஷ்டிப் பட்டத்தைப் பற்றித்தான் வெகு நாளாக ஒரு வழக்கு ஓயாமல் இருந்துவருகிறது.

கணக்கு இதுதான். 106 ராத்தல் முதல் 285 ராத்தல் வரை 14 எடைப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் பள்ளிக்கு ஒரே ஒரு பையன். அவன் ஜெயித்து மேலே ஏறினால் முக்கிய வரிசையில் பள்ளிக்கு 2 புள்ளி. ஒருமுறை தோற்றவர்களுக்கென்று உள்ள மறுவரிசையில் 1 புள்ளி. எதிராளியின் தோள்களை மெத்தையில் அழுத்தி வீழ்த்திவிட்டால் மேற்கொண்டு 2. 15 புள்ளி வித்தியாசம் வந்தால் 1½. 8 முதல் 14 வரை என்றால் 1. கடைசியில் எத்தனையாவது இடம் என்பதற்கும் தனிப் புள்ளிகள். ஆகவே, பட்டம் வாங்க இரண்டொரு சூரர்கள் மட்டும் போதாது. மறுவரிசையில் தட்டுத் தடுமாறி இரண்டு குஸ்தி ஜெயிக்கிற நடுத்தரப் பையன்களும் வேண்டும்.

அந்த நடுத்தரப் பையன்கள் கொலம்பஸ் வரை வந்து சேர வேண்டுமே! அங்கேதான் சிக்கல். மாணவர் தொகையைக் கொண்டு பள்ளிகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகுப்புக்கு நாலு வட்டாரப் போட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் முதல் நால்வர். ஆக எடைக்கு 16 பேர் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயம் வேறில்லை. ஆனால் மல்லர்கள் நாலு வட்டாரத்திலும் ஒரே மாதிரி விளைவதில்லை. ராஜ்யத்தின் வடகிழக்கு மூலை, கிளீவ்லாண்டைச் சுற்றிய பிரதேசம், இந்தக் கலைக்குப் பேர்போனது. அங்குள்ள லேக்வுட் நகரத்து செயின்ட் எட்வர்ட் பள்ளி ஒன்றே 30-க்கும் மேற்பட்ட ராஜ்யப் பட்டங்களை வாங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஐந்தாவதாக வந்த பையன் வீட்டுக்குப் போய்விடுகிறான். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூவாக இருந்து நாலாவது இடம் பிடித்தவன் கொலம்பஸுக்கு ரயிலேறுகிறான். (அங்கே பஸ்தான் என்பது வேறு விஷயம்.) ஒரே தரமுள்ள இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். கடுமையான வட்டாரத்திலுள்ள பள்ளி 6 பேரை அனுப்புகிறது. லேசான வட்டாரத்துப் பள்ளி 10 பேரை அனுப்புகிறது. அந்த நாலு பையன்களும் ஆளுக்கு இரண்டு மூன்று புள்ளி கொண்டுவந்தாலே பத்துப் புள்ளி அளவுக்கு வந்துவிடும். பல வருஷங்களில் கோப்பை அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் கைமாறக் கூடியது.

தொல்லை அதோடு நிற்பதில்லை. ஒரு வட்டாரத்தில் முதலாவதாக வந்தவனுக்கு வேறு வட்டாரத்தின் நாலாவது ஆளைத்தான் முதல் குஸ்தியில் எதிரியாக விடுவது வழக்கம். முதலிடம் வாங்கியதற்கு அது ஒரு சலுகை. ஆனால் அந்த நாலாவது ஆள் கிளீவ்லாண்டுப் பக்கத்துப் பையனாக இருந்தால் சலுகை தண்டனையாகிவிடுகிறது. லேசான வட்டாரத்துக்கும் இதில் நஷ்டம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பலவீனமான வட்டாரத்துக்கு இடத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அங்கே எந்தப் பையன் மல்யுத்தத்துக்கு வருவான்? தவிர, பலமான வட்டாரத்தில் வருஷமெல்லாம் அடிபட்டவன் உரமேறியே வருகிறான். முதல் பட்டம் வாங்கும் பெரிய பள்ளியை இந்த ஏற்பாடு அதிகம் பாதிப்பதுமில்லை. இறுதிப் போட்டி வரை போகும் நாலைந்து பேர் அதற்கு எப்போதும் உண்டு. அடிபடுவது இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குப் போராடும் பள்ளிகளே.

கல்லூரிகளின் தேசியப் போட்டியில் 10 எடைகள், எடைக்கு 33 பேர். எந்தக் கல்லூரிக் கூட்டமைப்புக்கு எத்தனை இடம் என்பதை அந்த வருஷத்து வெற்றி தோல்விகளைப் பார்த்தே பெரும்பாலும் வகுக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் போட்டிக்கே பகுதிக்குப் பகுதி இடங்கள் வேறுபடுகின்றன. நியூ ஜெர்சியிலோ கோஷ்டிப் பட்டத்தைப் பள்ளியும் பள்ளியும் நேருக்கு நேர் மோதித் தீர்த்துக்கொள்கின்றன.

ஒஹையோவுக்குக் கல்லூரி முறையை அப்படியே பொருத்த முடியாது. ஹைஸ்கூல் பையன் நாலு வருஷத்தில் பள்ளியை விட்டுப் போகிறவன். போன வருஷத்துப் பலத்தைக் கொண்டு இந்த வருஷத்துப் பையனை அளப்பது சரியாகாது. ஆனாலும், வட்டாரத்துக்கு மூன்று இடம் நிச்சயம் என்று 12-ஐ ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 4 இடங்களை மட்டும் அந்தந்த எடையில் அந்த வருஷத்துக் குஸ்திகளைப் பார்த்துப் பகிர்ந்தால் எந்த வட்டாரமும் வெறுங்கையோடு நிற்காது. வட்டாரப் போட்டி முடிந்து ராஜ்யப் போட்டி தொடங்குவதற்குள் இதைச் செய்ய ஒரு சிறு கமிட்டியும் இரண்டு நாள் அவகாசமும் போதும்.