கேப்டனுக்குத் தங்கம், கோச்சுக்குச் சாம்பல்

மக்களே, இன்னிக்கு ஹாக்கிப் பதிவு. கிரிக்கெட் கோஷ்டி கோவிச்சுக்காம படிங்க :-)

வாசுதேவன் பாஸ்கரன்னு சொன்னா நம்மில் பலருக்கு 1980 மாஸ்கோ ஒலிம்பிக் மட்டும்தான் ஞாபகம் வரும். ஆரணியில பிறந்து, லயோலா காலேஜ்ல படிச்சு, இந்திய அணிக்கு கேப்டன் ஆனவர். ஃபைனல்ல ஸ்பெயினை 4-3ன்னு ஜெயிச்சுத் தங்கம். "பெரிய டீமெல்லாம் வரலையே, மொத்தமே ஆறு டீம்தானே"ன்னு இழுக்கிறவங்க உண்டு. வாஸ்தவம்தான். ஆனா 1976ல செயற்கைத் தரை வந்ததும் ஏழாவது இடத்துக்குச் சறுக்கின நாடு இது. அந்தத் தங்கத்துக்கு அப்புறம் ஒலிம்பிக் ஹாக்கியில நமக்கு இன்னொரு தங்கம் வரவே இல்லை.

அதே மனுஷன் 2000 சிட்னிக்கு கோச்சா போனார். அர்ஜென்டினாவை ஜெயிச்சாச்சு, ஸ்பெயினை ஜெயிச்சாச்சு, ஆஸ்திரேலியாவோட 2-2. கடைசி லீக் ஆட்டத்துல போலந்தை ஜெயிச்சா செமி ஃபைனல். 1-0ன்னு முன்னால இருந்தோம். ரெண்டு நிமிஷம்கூட பாக்கி இல்லாதப்ப போலந்துக்காரன் கோல் போட்டுட்டான். டிரா. கடைசியில ஏழாவது இடம்.

மாஸ்கோவுலயும் இதே போலந்தோட 2-2 டிராதான். அதை யார் ஞாபகம் வெச்சிருக்கா? தங்கம் வந்ததும் எல்லாம் மறந்து போச்சு. கேப்டன்னா தானே ஓடிப்போய் பந்தைத் தடுக்கலாம். கோச் என்ன பண்ணுவார், கோட்டுக்கு வெளியில நின்னு கத்தத்தான் முடியும்.

2006 உலகக் கோப்பைக்கும் அவர்தான் கோச். 12 டீம்ல பதினோராவது. அவர்மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா கோச்சை மாத்தினா சரியாயிடுமா? 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு நாம தகுதியே பெறலை. அப்ப கோச் வேற ஆள்! ஜெயிச்சாலும் இங்க நிம்மதி கிடையாது. மாஸ்கோ டீம்ல ஆடின கௌஷிக், கோச்சா 1998 ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கிக் கொடுத்தார். 32 வருஷம் கழிச்சு வந்த தங்கம். கையோட அவரைத் தூக்கிட்டாங்க.

கிரஹாம் ரீட் 2019ல கோச்சா வந்தார். ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் கை வைக்காம விட்டாங்க. 2021ல டோக்கியோவுல வெண்கலம், 41 வருஷத்துக்கு அப்புறம். அந்தப் பொறுமையை நம்ம ஊர் ஆளுங்ககிட்டயும் காட்டியிருக்கலாமேங்கறதுதான் என் ஆதங்கம்.

எங்க திருவானைக்காவல்ல திருநீற்று மதில்னு ஒண்ணு இருக்கு. சிவனே சித்தரா வந்து, மதில் கட்டினவங்களுக்கு விபூதியைக் கூலியா கொடுத்தாராம். அவங்கவங்க உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னா மாறிச்சாம். நம்ம கோச்சுங்களுக்கும் அதே கூலிதான். என்ன, அது பொன்னா மாறுற வரைக்கும் நாம அவங்களை விட்டு வைக்கறதில்லை.

உங்க கருத்தைப் பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க.