பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் வாளியா?

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் வியாபாரியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நாலு சேலை, ரெண்டு வேட்டி, ஒரு பேண்ட் போட்டால் ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைக்கும். பேரம் பேசினால் கூட ஒரு குவளை. பீரோவில் இடம் காலியாகும், அவருக்கும் பிழைப்பு ஓடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூட்டைக்குள் என்னென்ன போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அப்பத்தா கடைசிக் காலத்தில் உடுத்திய நூல் சேலை போகிறது. தாத்தா தோளில் கிடந்த துண்டு போகிறது. தம்பியைத் தொட்டில் கட்டிப் போட்ட சேலை போகிறது. முதல் வகுப்பில் போட்ட யூனிபார்ம் சட்டை போகிறது. வாளி ரெண்டு வருடத்தில் விரிசல் விட்டுவிடும். போனது மட்டும் திரும்பி வராது.

இந்தத் துணிகளை வீட்டிலேயே வைத்து, கையால் தைத்து, ஒரு போர்வையாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம். ஆங்கிலத்தில் குயில்ட் என்கிறார்களே, அதேதான். நம் ஊரில் ஒட்டுத்துணிப் போர்வை என்று சொல்லலாம். பொழுதுபோகாதவர்கள் செய்யும் வேலை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு குடும்பம் தன் கதையைத் தானே எழுதி வைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

ஓலையைச் சேர்த்தார்கள், துணியை?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் பாலவனத்தம் இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். அந்தச் சங்கம் பாண்டியன் புத்தகசாலை என்று ஒன்றை வைத்து ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் சேர்த்தது. செல்லரித்துப் போகவேண்டிய ஓலைகள் பிழைத்தன. பெரிய காரியம்!

அதே காலத்தில் அதே பாலவனத்தத்தைச் சுற்றிப் பருத்தி எடுத்த பெண்களும் இருந்தார்கள். களை வெட்டினார்கள், கம்பு குத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள். பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. எனவே ஓலையில் அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கையும் உடம்பும் பட்டுக் கிடந்தது துணி. அந்தத் துணியைச் சேர்த்து வைக்க எந்தச் சங்கமும் வரவில்லை. கிழிந்த சேலை கரித்துணியாயிற்று, பிறகு விளக்குத் திரியாயிற்று, பிறகு சாம்பலாயிற்று.

இத்தனைக்கும் இது பருத்திச் சீமை. கருங்கண்ணி என்கிற நாட்டுப் பருத்தி தென்மாவட்டக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்தது. அருப்புக்கோட்டை கைத்தறிக்கும் நூற்பாலைக்கும் பேர்போன ஊர். விதை, பஞ்சு, நூல், சேலை எல்லாம் சில மைல் தூரத்துக்குள் கண்ணெதிரே நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய நூல் சேலைக்கு மதிப்பு பிளாஸ்டிக் வாளி என்றால் வருத்தமாக இல்லையா?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவி, கையால் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். நம் 'கந்தை'யும் இந்தக் 'காந்தா'வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அங்கே அது கலையாகி ஊர் உலகமெல்லாம் விற்கிறது. இங்கே கந்தை என்றால் முகம் சுளிக்கிறோம். கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட ஒரு கதைக் காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து முடித்து, அதைத் தன் கல்லறை மேல் விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். துணியில் சுயசரிதை எழுதலாம் என்று வங்காளிகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்குத் தைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு முழுமை ஆகாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் ஊர். 1942-ல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு அவர் வயல் வேலைக்குப் போட்ட உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவர் அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் தைத்ததாக மகள் பின்னாளில் சொன்னார். முட்டி தேய்ந்த துணியும் வெளுத்த நீலமும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாயின, 2006-ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் வந்தன. பெரிய ஓவியங்களுக்கு ஈடாக விமர்சகர்கள் பேசினார்கள். தைத்தவர்களோ குளிருக்குத் தைத்தார்கள், செத்தவர்களை நினைத்துத் தைத்தார்கள்.

மூன்று இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் புதுத்துணி வாங்கவில்லை.

டிசைன் எங்கே இருக்கிறது?

இப்போது போர்வை தைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் யூடியூப்பைத் திறக்கிறார்கள். அங்கே இருப்பதோ மேப்பிள் இலை, ட்யூலிப் பூ, பனித்துளி! தையல் போடும் முறையை அங்கே கற்றுக்கொள்ளலாம், தாராளமாக. படத்தையும் ஏன் கடன் வாங்க வேண்டும்? மேப்பிள் மரத்தடியில் யாருக்கும் நினைவு இல்லை.

இயற்கை என்றால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்று இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வறண்ட பூமிதானே, அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். கோடையில் கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பாருங்கள். ஒழுங்கில்லாத கட்டங்களாகப் பிளந்து கிடக்கும். ஒட்டுத்துணிப் போர்வையின் டிசைனே அதுதான்! கறுப்புத் தரையில் வெடித்த வெள்ளைப் பருத்தி, விசிறி விசிறியாகப் பனை ஓலை, ஆவாரம்பூ மஞ்சள், எருக்கம்பூ ஊதா, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் நிறையும் கம்மாய்... இத்தனை நிறமும் அந்த ஊர் பழைய சேலைகளிலேயே இருக்கிறது. தாத்தாவின் பழுப்பேறிய வேட்டி பருத்திக் காய்க்கு, அம்மாச்சியின் மஞ்சள் சேலை ஆவாரம்பூவுக்கு. ஊரும் ஆளும் ஒரே துணியில் வந்துவிடுவார்கள்.

செய்வது எப்படி?

கஷ்டமே இல்லை. பருத்திச் சேலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலை மாதிரி நைந்த இடத்தை வெட்டிவிடுங்கள். சேலைக்கரை பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அதை ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள்.

ஐந்தரை கஜச் சேலை 16½ அடி. மூன்றாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் ஐந்தரை அடி நீளம், ஏறக்குறைய 4 அடி அகலத்தில் மூன்று அடுக்கு. நம் ஊர் வெயிலுக்கு இதுவே போதும், நடுவில் பஞ்சு வேண்டாம். மேல் அடுக்கில் துண்டுத் துணிகளை வைத்துப் படம் அமைக்கலாம். சுருக்கம் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டு, நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கும் சாதாரண ஓட்டுத் தையல். அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 48 வரிசை, மொத்தம் 264 அடி தையல். தினம் 2 வரிசை போட்டால் 24 நாளில் முடிந்துவிடும். டிவி சீரியல் பார்க்கும் நேரம்தான்!

ஊசி பிடிப்பது பெண்கள் வேலை என்று நழுவப் பார்க்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. கடைத்தெருவில் சட்டை தைத்துக் கொடுக்கும் டெய்லர் யார்? காசு வந்தால் ஆண் வேலை, வராவிட்டால் பெண் வேலையா?

செத்தவர்கள் துணி ஆகுமா?

இறந்தவர் துணியை வீட்டில் வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தயக்கத்தை மதிக்கலாம், கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, நன்றாக வாழ்ந்த பெரியவர்களின் பழைய துணியைத் தேடி வாங்கிச் சுற்றும் வழக்கமும் நம்மிடம்தான் இருக்கிறது. உலகத்துக்கு வந்ததும் முதலில் போர்த்தியதே கந்தைதான். அப்புறம் என்ன தீட்டு?

இன்னொரு விஷயம்தான் அவசரமானது. இன்று வீட்டில் உடுத்தும் சேலைகளில் பெரும்பகுதி பாலியஸ்டர், இல்லையென்றால் நைட்டி. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, வழுக்கும், போர்வைக்கு உதவாது. பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நூல் சேலைகளே கடைசி. அந்தச் சேலை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்தப் பஞ்சத்தில் கிழிசலை மூட்டிக் கட்டியது என்று சொல்லத் தெரிந்தவர்களும் வீட்டுத் திண்ணையில் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள். சேலையும் இருந்து, சொல்ல ஆளும் இருக்கும் இந்தச் சில வருடங்கள் போனால், பிறகு தைக்க வெறும் துணிதான் மிஞ்சும்.

அதனால் இந்த விடுமுறையில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்துக் காட்டி, "இது எப்ப கட்டுனது அப்பத்தா?" என்று கேளுங்கள். பதில் வர வர வெட்டுங்கள், தையுங்கள். பாத்திரக்காரர் அடுத்த வாரமும் வருவார், வாளியை அப்போது காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம்.