அளவு அறியாத அன்பு

லண்டன் புறநகர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவர் சில கோடைகளுக்கு முன்னர் என்னைத் தமது வீட்டுக்கு அழைத்திருந்தார். தேநீர் அருந்தியதும் "வாருங்கள், உங்களுக்கு ஒன்று காட்டவேண்டும்" என்று கூறி வீட்டின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். ரோசாச் செடிகளுக்கும் தக்காளிப் பாத்திக்கும் இடையே, முழங்கால் உயரத்துக்குக் கட்டப்பட்ட செங்கல் வரம்பின் மீது பித்தளைத் தண்டவாளம் வளைந்து சென்றது. நண்பர் கையிலிருந்த கருவியை அழுத்தினார். செம்மண் நிறம் பூசிய ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு டீசல் எஞ்சின் செடிகளுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. எஞ்சினின் விலாவில் 'ஒன்ராறியோ' என்று எழுதப்பட்டிருந்தது. பெட்டிகளில் 'யாழ்தேவி' என்ற பெயர்.

என் கண்கள் கலங்கின என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. 1956இல் ஓடத் தொடங்கி 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட அந்த வண்டியில் பயணித்த எவருக்கும் அந்தக் கணத்தில் வேறொன்றும் நேர்ந்திருக்காது.

ஆனால் அன்று அங்கே மூன்றாவது ஆளும் இருந்தார். இலங்கைப் புகையிரதத்தில் காட் ஆகப் பணியாற்றி ஓய்வுபெற்று, மகனுடன் வந்து தங்கியிருக்கும் முதியவர். அவர் வரம்பின் அருகே குனிந்து, கடந்துசென்ற வண்டியை இரண்டு சுற்று மௌனமாகப் பார்த்தார். பின்னர் நிமிர்ந்து, "தம்பி, வேலை நல்ல வேலை. ஆனால் இது எங்கட கோச்சி இல்லை. கால் ஒடுங்கிப்போய் நிக்குது. யன்னல் எல்லாம் கண்ணாடி போட்டு மூடிக் கிடக்குது. காத்து எங்காலை வாறது?" என்றார்.

நண்பரின் முகம் வாடிவிட்டது. "ஐயா, ஒரு ஞாபகத்துக்குத்தானே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. நண்பரோடு அல்ல, அவர் என்னை விட மேலானவர், அது ஏன் என்பதைப் பின்னர் கூறுகிறேன். அந்த வாக்கியம் நம் அனைவரதும் வாக்கியம். 'ஒரு ஞாபகத்துக்குத்தானே, அளவு எதற்கு' என்பது.

முதலில் முதியவர் கண்டதை விளக்கிவிடுகிறேன். தோட்டப் புகையிரதங்களுக்கென்று கடைகளில் விற்கப்படும் தண்டவாளங்களில் பெரும்பாலானவை 45 மில்லிமீற்றர் அகலம் கொண்டவை. பிரித்தானியாவின் நியமப் பாதை 1435 மில்லிமீற்றர். அதனை 32 மடங்கு சிறிதாக்கினால் ஏறத்தாழ இந்த 45 வரும். ஆகவே 1:32 அளவில் ஆக்கிய பிரித்தானியப் பெட்டி அத்தண்டவாளத்தில் சரியாக அமரும். இந்தியாவைப் போல இலங்கையிலும் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. அதனை 32ஆல் வகுத்தால் 52.4 மில்லிமீற்றர் வருகிறது. வேறுபாடு ஏழு மில்லிமீற்றர்தான். ஆனால் உண்மைப் பாதையில் அது ஒன்பதரை அங்குலம். முப்பது ஆண்டுகள் ஓடும் வண்டியின் பின்பெட்டியில் நின்ற ஒருவர் அந்த ஒன்பதரை அங்குலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டார். நண்பர் செய்தது, பிரித்தானியப் பெட்டிகளையும் அமெரிக்க எஞ்சின் ஒன்றையும் விலைக்கு வாங்கி, நிறம் மாற்றிப் பெயர் எழுதியதுதான்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். தம் தோட்டத்தில் தம் பணத்தில் தமக்குப் பிடித்ததை ஓடவிட ஒருவருக்கு உரிமை இல்லையா? உண்டு. பிள்ளைகளோடு விளையாடுவதற்கு வாங்கியதை 'விளையாட்டு வண்டி' என்று அழைத்தால் நான் ஒரு சொல்லும் சொல்லேன். ஆனால் அதனை 'யாழ்தேவி' என்று அழைத்து, படம் பிடித்து, அடுத்த தலைமுறைக்கு 'இதுதான் எங்கள் வண்டி' என்று காட்டும்போது அது சாட்சியமாகிவிடுகிறது. பொய்ச் சாட்சியம் அன்பினால் சொல்லப்பட்டாலும் பொய்ச் சாட்சியமே. உண்மைப் பெட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் இருபது ஆண்டுகளில் இருக்கமாட்டார்கள். நிறம் மாற்றிய பிரித்தானியப் பெட்டியே எஞ்சும்.

மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த முயற்சி அனைத்தையும் 'வளர்ந்தவர்களின் பொம்மை விளையாட்டு' என்று நகைப்பவர்கள். அவர்களுக்கு வரலாறு தெரியாது. சேர் ஆர்தர் ஹேவூட் என்ற ஆங்கிலேயர் 1874இல் தமது டஃபீல்ட் இல்லத்து வளவில் வெறும் பதினைந்து அங்குலப் பாதை ஒன்றை அமைத்தார். பண்ணைகளிலும் இராணுவ முகாம்களிலும் இவ்வளவு சிறிய பாதை பயன்படும் என்று நிரூபிப்பதே அவரது நோக்கம். இராணுவம் செவிசாய்க்கவில்லை. ஆனால் 1896இல் வெஸ்ற்மின்ஸ்ரர் கோமகனின் ஈற்றன் ஹோல் மாளிகைக்கு அவர் அமைத்த பாதை நிலக்கரியும் செங்கல்லும் சுமந்தது. தோட்டம் அவருக்குப் பரிசோதனைச் சாலையாக இருந்தது.

பெட்டி ஒன்றைத் தாமே ஆக்கி வெயிலிலும் மழையிலும் ஓடவிட்டுப் பார்த்தவர்கள் இதனை விளையாட்டு என்று கூறமாட்டார்கள். பெட்டியைச் சிறிதாக்கலாம், இயற்கையைச் சிறிதாக்க இயலாது. பத்து மீற்றர் நீளமான பித்தளைத் தண்டவாளம் முப்பது பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் நீள்கிறது. இடைவெளி விடாமல் பூட்டியவருடைய பாதை மதியத்துக்குள் பாம்பாக நெளியும். ஒட்டுப்பலகை மழையில் ஊதும். பசை வெயிலில் விடும். சில்லுகளுக்கிடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் வண்டி முட்கடவையில் தடம் புரளும். அறைக்குள் மேசைமீது ஓடும் வண்டிக்கு இத்தகைய சோதனைகள் இல்லை. தோட்டம் பிழையை மன்னிப்பதில்லை. அதனால்தான் தோட்டத்துக்கென்று பெட்டி கட்டுபவர் அளவை மதிக்கக் கற்றுக்கொள்கிறார்.

அளவை மதிப்பதால் என்ன பயன் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன்.

வால்ட் டிஸ்னி 1950இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தமது வீட்டு வளவைச் சுற்றி ஒரு புகையிரதம் ஓட்டினார். எட்டில் ஒரு பங்கு அளவிலான அதன் நீராவி எஞ்சின், சென்ட்ரல் பசிபிக் கம்பனியின் 173ஆம் இலக்க எஞ்சினைப் பார்த்துச் செய்யப்பட்டது. அந்த எஞ்சின் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும் புகையிரதக் கம்பனியிடம் அதன் வரைபடம் இருந்தது, கிடைத்தது, எஞ்சின் மீண்டும் உருப்பெற்றது.

இரண்டாவது சான்று இன்னும் பெரியது. பிரித்தானியாவில் பெப்பர்கோன் ஏ1 வகையைச் சேர்ந்த 49 நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1966ஆம் ஆண்டளவில் அவற்றில் ஒன்றுகூட எஞ்சாமல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. 1994இல் ஆர்வலர் சிலர் ஐம்பதாவது எஞ்சினைக் கட்டத் தொடங்கினார்கள். 2008இல் 'ரொர்னாடோ' என்ற பெயருடன் அது நீராவி கக்கி ஓடியது. மாதிரி அல்ல, முழு அளவிலான எஞ்சின். எப்படி முடிந்தது? யோர்க் நகரத் தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய வரைபடங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. இரும்பு போனாலும் அளவு இருந்தது. அளவு இருந்ததால் இரும்பு திரும்பிவந்தது.

இனி நம் பக்கம் பார்ப்போம். வடபகுதிப் பாதையில் போர்க்காலத்தில் நடந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. நிலையங்கள் சுவர்களாயின; சுவர்கள் கற்குவியல்களாயின. பின்னர் இந்தியக் கடனுதவியில் பாதை புதிதாகப் போடப்பட்டது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியது. மகிழ்ந்தோம். ஆனால் திரும்பியது பாதை. பழைய பெட்டி திரும்பவில்லை, பழைய நிலையக் கூரை திரும்பவில்லை. அவற்றின் அளவு நம்மில் யாரிடம் இருக்கிறது?

கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் தேசியப் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் ஆழிப்பேரலையில் அகப்பட்ட 'மனிற்றோபா' எஞ்சின் திருத்தப்பட்டு மீண்டும் ஓடியதையும் கண்டோம். ஒரு பொருள் காக்கத் தக்கது என்று யாரேனும் தீர்மானித்தால் இந்நாட்டில் அதனைக் காக்க முடிகிறது என்பதற்கு அது சான்று. தீர்மானிப்பவர் இல்லாத பொருளுக்கு நேர்வது வேறு. அது கழிவிரும்பு, நிறுத்து விற்கப்படும். நிறுக்கும் தராசு கிலோகிராமைச் சொல்லும், நீள அகலத்தைச் சொல்லாது.

அரசைக் குறைகூறி இக்கட்டுரையை முடித்துவிட்டால் எனக்கு எளிது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்கு அது கைவந்த தொழில். ஆனால் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்கவேண்டியவன் நானே. வடபகுதிப் பாதை பற்றி நான் எழுதிய செய்திகளுக்கும் ஆசிரியர் தலையங்கங்களுக்கும் கணக்கில்லை. எத்தனையோ இரவுகள் அந்தப் பெட்டிகளில் அமர்ந்து பயணித்திருக்கிறேன். கையில் எப்போதும் குறிப்பேடு இருந்தது. அமைச்சர் சொன்னதைக் குறித்தேன், எதிர்க்கட்சி சொன்னதைக் குறித்தேன். நான் சாய்ந்திருந்த யன்னலின் உயரத்தை ஒருநாளும் குறிக்கவில்லை. ஓர் அடிமட்டம் போதுமாயிருந்தது. நண்பர் என்னிலும் மேலானவர் என்று கூறியது இதனாலேயே. அவர் தவறான அகலத்திலாவது ஒரு வண்டியை ஓடவிட்டார். நான் வெறும் பெயரடைகளை ஓடவிட்டேன்.

'வீடிழந்தவர்கள் வீடின்றி இருக்கையில் பெட்டியின் அளவா முக்கியம்?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. வீடே முதலாவது. ஆனால் அளவுநாடா பிடித்து ஒரு யன்னலை அளப்பவர் எவருடைய வீட்டுக் கல்லையும் எடுத்துவிடுவதில்லை. தவிரவும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். பிரதி இல்லாத பொருள் அழிந்தால் அழிந்ததுதான் என்ற பாடத்தை நமக்கு இன்னொருவர் கற்பிக்க வேண்டுமா?

ஆகவே தோட்டப் புகையிரதம் அமைக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது. வாங்கி நிறம் பூசாதீர்கள், அளந்து கட்டுங்கள். நம் அகலப் பாதை வேண்டுமானால் 52.4 மில்லிமீற்றரில் தண்டவாளத்தைக் கையால் போடுங்கள். கடினம்தான். ஆனால் நம் மலைநாட்டுப் பாதையின் இறுக்கமான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம் கொண்டவை. 1:32 அளவில் அது மூன்று மீற்றர் சொச்சம்; நடுத்தரமான ஒரு வளவுக்குள் அடங்கும். அது இயலாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஒரு காலத்தில் ஓப்பநாயக்க வரை சென்ற களனிவெளிப் பாதை, 1990களில் அகலப்படுத்தப்படும் வரை 762 மில்லிமீற்றர் ஒடுங்கிய பாதையாக இருந்தது. அதனை 24 மடங்கு சிறிதாக்கினால் கடையில் கிடைக்கும் 32 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஏறத்தாழப் பிசகின்றி அமரும். ஒடுங்கிய கால் அங்கே பிழையல்ல, உண்மை.

இன்று முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் வந்துவிட்டன. முன்பு மாதக்கணக்கில் அறுத்து அராவிய போகியை ஓரிரவில் அச்சிட்டுத் தருகின்றன. ஆனால் அந்த இயந்திரம் முதலில் கேட்பது அளவையே. நம் கண்ணீரை அதற்குள் செலுத்த இயலாது.

அளவு எங்கே கிடைக்கும்? பக்கப் பாதைகளில் துருப்பிடித்து நிற்கும் பழைய பெட்டிகளில் கிடைக்கும். அனுமதி பெற்று, அளவுநாடாவோடு செல்லுங்கள். உங்கள் வீட்டு அல்பங்களிலும் கிடைக்கும். வெளிநாடு சென்ற மாமாவை வழியனுப்ப நிலையத்தில் எடுத்த படத்தில், மாமாவின் பின்னால் பெட்டி நிற்கிறது. மாமாவின் உயரம் உங்களுக்குத் தெரியும்; அவர் தோளுக்கு நேரே யன்னல் விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். பெட்டியின் முகப்பும் தண்டவாளமும் சேர்ந்து தெரியும் படமாயின் இன்னும் நல்லது. 1676 மில்லிமீற்றர் என்ற அளவுகோல் படத்துக்குள்ளேயே கிடக்கிறது. அளந்ததை எழுதுங்கள், இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊர்களில் வையுங்கள்.

சென்ற மாதம் லண்டன் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். பழைய ஐந்து பெட்டிகளிலிருந்தும் பெயரை அழித்துவிட்டாராம். ஒரேயொரு பெட்டியைப் புதிதாகக் கட்டுகிறார், சரியான அகலத்தில். காட் ஐயா வாரந்தோறும் வந்து அருகில் அமர்ந்து கதவு எந்தப் பக்கம் திறந்தது, படி எத்தனை என்று சொல்கிறாராம். "இரண்டாம் வகுப்பு யன்னலின் அடிவிளிம்பு, இருக்கையிலிருந்து எவ்வளவு உயரம்? நீங்கள் எத்தனை தரம் போய்வந்தவர்" என்று என்னைக் கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களில் யாரிடமேனும் இருக்கிறதா?