முழங்காலும் மூன்றாவது மாடியும்

டில்லியில் உள்ள நம் குடும்பங்களில், அறுபதைத் தாண்டியவர் ஒருவராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காராத வீடு அபூர்வம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "மூட்டுத் தேய்மானம்" என்கிறார். அந்தச் சொல்லே பாதிக் கெடுதலைச் செய்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். தேய்கிற பொருளைக் குறைவாக உபயோகிப்பதுதானே வழக்கம்? ஆகவே காலையும் உபயோகிக்காமல் மிச்சம் பிடிக்கிறார்கள். லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் மகனோடு தங்க வந்த தாயார், மாதக்கணக்கில் கீழே இறங்குவதில்லை. மலை மந்திர் படிகள், சங்கத்து விழா, பக்கத்து பிளாக் மாமி வீட்டுக் கொலு எல்லாம் ஒவ்வொன்றாக நின்று போகின்றன. ஹிந்தியும் தெரியாது, டெலிவிஷன்தான் துணை.

உண்மையில் நடப்பது வேறு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் அதற்குப் போஷாக்கு. கால் அசைந்து, பாரம் ஏறி இறங்கினால்தான் அந்தத் திரவம் நன்றாக உள்ளே போய் வரும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசையும் மெலிந்து, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் மூட்டே தாங்க வேண்டியதாகிறது. வலிக்கிறதென்று நடக்காமல் இருக்க, நடக்காததால் வலி கூடுகிறது.

இந்த நிலையில் அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் பெரிய பெரிய சீசாக்களில் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கொண்டு வருகிறார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அமெரிக்காவிலேயே 1,583 பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2006-ல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைச் சாப்பிட்டவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது; மொத்தத்தில் இந்த இரண்டு சரக்குகளும் அதைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. "எனக்குக் கேட்டதே!" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். அந்நாட்டு மூட்டு நோய் நிபுணர்கள் 2019-ல் வகுத்த நெறிமுறை, முழங்காலுக்கு இவை இரண்டும் வேண்டாம் என்றே அழுத்திச் சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் குளுக்கோசமைனைத் தொடாமலிருப்பது நல்லது.

இன்னொன்று. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்தும், காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. முட்டை போட்ட கேக்கைத் தொடாத மாமிகள் வேளை தவறாமல் இதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

அடுத்து, எலும்பைச் சொடுக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவில் பிறந்த இந்த முறை இப்போது டில்லியிலும் கடை விரித்திருக்கிறது. முதுகு வலிக்குச் சிலருக்குச் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் முழங்கால் குருத்தெலும்பைச் சொடுக்கி வளர்க்க முடியாது. கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதால், அபூர்வமாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. எலும்பு பலவீனமான வயோதிகர்களை அந்த மேஜையில் படுக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பெயரில்லாத பொட்டலச் சூரணங்கள் இதைவிட மோசம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் புளி, உருளைக்கிழங்கு, வாயு என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறோம். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வேறு, இது வேறு. இதில் பத்தியத்தைவிட எடைதான் முக்கியம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது. மூன்று வேளையில் ஒரு வேளைச் சாதத்தையும் மாலை நேரத்து மிக்சரையும் குறைப்பது எந்தச் சீசாவையும்விட மேல்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. வலது முழங்கால் பத்து வருஷமாக வலிக்கிறது. முற்றும் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவேன். பத்துத் தடவை, காலையும் மாலையும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். டிசம்பர் குளிரில் பிடிப்பு அதிகமானால் வெந்நீர் ஒத்தடம், டாக்டர் சொன்ன களிம்பு. இத்தனையிலும் மூன்று மாடி இறங்கி ஏறுகிறேன். எல்லாம் செய்தும் இரவில் தூங்கவிடாத வலி இருப்பவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அதைத் தள்ளிப்போட இந்தக் கட்டுரையைச் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சீசாவுக்குச் செலவாகும் பணத்தில் பிசியோதெரபிஸ்டைச் சில வாரம் வீட்டுக்கு வரவழைக்கலாம், கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வைக்கலாம். சாயங்காலம் அம்மாவோடு ஒரு தடவை பார்க் வரை நடந்தால் அதற்குச் செலவே இல்லை.

சங்கத்து நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். விழாக்களில் ஜமுக்காளத்தோடு, கை வைத்த நாற்காலிகள் இரண்டு வரிசையாவது போடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழ் பேசும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அழைத்துப் பயிற்சி சொல்லித் தரச் செய்யுங்கள். கீழ்த்தளத்தில், மாடியில் அல்ல.